தண்ணிப் பக்கம்

வலது, இடது என்று யாராவது சொன்னால் கண்ணாடிக்காரர் உடனே திரும்ப மாட்டார். ஒரு நொடி நின்று, உள்ளுக்குள் ஏதோ யோசித்து, பிறகுதான் திரும்புவார். வண்டியின் பின்சீட்டிலிருந்து வழி சொல்லும் அவர் மனைவிக்கு இது கல்யாணமான நாளிலிருந்து தீராத எரிச்சல். "லெஃப்ட்னா லெஃப்ட்டு. இதுக்கு என்னங்க ஆலோசனை?" என்பாள். ஊரில் பாதிப் பேருக்கு வலது கண்ணையும் இடது கண்ணையும் பிரித்துப் பார்த்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதருக்கு இப்படி ஒரு தடுமாற்றமா என்று கேட்டால், கேட்கிறவர் படகுத்துறையில் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த ஊரில் கடல் நிலத்துக்குள் புகுந்து வளைந்து நிற்கும். ஒரு கரையில் படகுத்துறை. ஐஸ் பேக்டரி, இறால் உரிக்கிற கொட்டகை, அவற்றை ஒட்டி நீள நீளமாக வரிசை வீடுகள். எதிர்க்கரையில் அப்போது வெறும் மணல்தான். படகுத்துறைக்காரர்களுக்கு வலது இடது கிடையாது. தண்ணிப் பக்கம், ரோட்டுப் பக்கம், ஐஸ் பக்கம், பாலத்துப் பக்கம், அவ்வளவுதான் திசை. வீட்டுக்குள்ளும் அதுவேதான். "உப்பு டப்பாவ ரோட்டுப் பக்கம் தள்ளி வை" என்பார்கள். "உன் கன்னத்துல பாலத்துப் பக்கம் சோறு ஒட்டியிருக்கு, தொட" என்பார்கள். திரும்பி உட்கார்ந்தால் சோறு ஐஸ் பக்கம் போய்விடும். அதில் யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

குழப்பம் வந்தது டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான். அப்போது அவர் 'அவர்' இல்லை, வெறும் அவன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவனை வளர்த்தது அக்கா. இறால் கொட்டகையில் நாள் முழுக்க நின்று, விரல் தோலெல்லாம் வெளுத்து உரிய, அவனைப் படிக்கவைத்தாள். வந்த வரன்களையெல்லாம் "தம்பி ஆளாகட்டும்" என்று தள்ளிப்போட்டாள். தம்பி ஆளானபோது வரன்கள் வருவது நின்றுபோயிருந்தது. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் மூச்சுவிட்டதில்லை.

கடையில் முதலாளி இரண்டு வில்லைகளைக் கையில் கொடுத்து, "இது இடது, இது வலது, ஃபிரேம்ல போடு" என்றார். அவன் கடை ஜன்னலைப் பார்த்து, கடல் எந்தப் பக்கம் என்று கணக்குப் பண்ணி, இடது என்றால் தண்ணிப் பக்கம் என்று மனதில் குறித்துக்கொண்டான். மேசையில் ஃபிரேம் குப்புறக் கிடந்ததை யோசிக்கவில்லை. அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போன பெரியவர் கடை வாசல்படியிலேயே கால் தடுக்கி விழுந்தார். முதலாளி விசாரித்தார். அவனும் உண்மையைச் சொன்னான்.

"கண்ணுக்கு ஏதுடா தண்ணிப் பக்கம்? அழுதா வர்றதுதான் தண்ணி!" என்றார் முதலாளி. கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்குப் பேர் 'தண்ணி'. "டேய் தண்ணி, துணி எடு." "தண்ணிக்கு டீ சொல்லு." வாடிக்கையாளர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவதென்று அவன் ஆரம்பித்தது அப்போதுதான். சோறு சாப்பிடுகிற கைதான் வலது என்று மனதில் பதியவைத்துக்கொண்டான். இன்றைக்கும் அந்த ஒரு நொடி நிற்கிறாரே, அப்போது அவர் உள்ளுக்குள் கையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார்.

பிறகு சொந்தமாகக் கடை வைத்தார், கடைக்கு மேலேயே குடியிருந்தார், பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். மனைவிக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் வந்தாள். "அண்ணி, அண்ணி" என்று அக்காவிடம் அவளுக்கு அவ்வளவு ஒட்டுதல். மகளும் "அத்தை" என்றால் உயிரை விடுவாள். வீட்டில் யாருக்கும் கூச்சம் இல்லை. கூச்சமெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. யாராவது பூர்வீகம் கேட்டால், "நமக்கு டவுன்தாங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவருக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டிருந்தது.

இப்படி இருக்கும்போது படகுத்துறை ரோட்டை அகலமாக்கப் போவதாகவும், அக்கா இருக்கும் வரிசை முழுவதையும் இடிக்கப் போவதாகவும் சேதி வந்தது. கொட்டகை வேலையையும் அவள் முட்டிவலியால் விட்டிருந்தாள். மனைவி ஒரே பிடியாக நின்றாள். "அண்ணி நம்மகூடதான் இருக்கணும். இந்த வீடு பத்தாது. வேற பார்ப்போம். அதுவும் தண்ணி தெரியற வீடா பார்க்கணும். பொறந்ததுல இருந்து கடலப் பார்த்தவங்களக் கொண்டுவந்து சுவத்தப் பார்க்க வெச்சா நல்லாவா இருக்கும்?"

கண்ணாடிக்காரர் சரியென்றார். மனதாரத்தான் சென்றார் வீடு பார்க்க. அக்காவை விட்டுவிட அவர் என்ன கல்லா?

தரகர் முதலில் காட்டியது படகுத்துறையை ஒட்டிய புதுத் தெருவில். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், மூன்று அறை. மனைவிக்குப் பிடித்துப்போயிற்று. கண்ணாடிக்காரர் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "துரு" என்றார். குழாயைத் திறந்து பார்த்து, "உப்பு" என்றார். தெருவில் மீன் கூடையோடு போன ஒரு பெண் அவரை உற்றுப் பார்க்க, சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டு, "வெளிச்சம் ஜாஸ்தி. கண்ணுக்கு ஆகாது" என்றார். வெளிச்சம் ஜாஸ்தி என்று ஒரு வீட்டை வேண்டாமென்றவரைத் தரகர் தன் தொழிலில் அதுவரை சந்தித்ததில்லை.

"அப்போ எதிர்க்கரைதான் சார் உங்களுக்கு" என்றார் தரகர். வெறும் மணலாகக் கிடந்த எதிர்க்கரையில் இப்போது வரிசையாக அடுக்குமாடி. நடைபாதை, மரம், பெஞ்சு, நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திப் போகிறவர்கள். "பால்கனில நின்னா படகுத்துறை லைட்டெல்லாம் தெரியும் சார். பார்க்க எவ்ளோ அழகு தெரியுமா? தூரத்துல இருந்து பார்த்தா வாசமும் வராது!" இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். கண்ணாடிக்காரருக்குப் பச்சையைவிடத் தூரம்தான் பிடித்திருந்தது.

மறு ஞாயிறு எல்லோரும் போனார்கள். அக்காவையும் மனைவி கூட்டிக்கொண்டாள். "அண்ணிக்குப் பிடிக்காம வீடு எடுக்கறதா?" அக்கா இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். கைகளை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவியிருந்தாள். தேய்க்கச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது அந்த வாசனையைக் கண்ணாடிக்காரர் கவனித்தார். 'நல்லவேளை' என்று நினைத்தார். நினைத்த உடனே தன் மேலேயே அருவருப்பு வந்தது.

வீடு அருமையான வீடு. கூடம் முழுக்கக் கடல்தான். மொட்டைமாடியைப் பார்க்கலாம் என்று தரகர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். முட்டிவலி என்று அக்கா உள்ளறையிலேயே நின்றுவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து, திறந்திருந்த கதவைத் தட்டிக்கொண்டு குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் உள்ளே வந்தார். எதிர் வீடுதான். துறைமுக அலுவலகத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் பேசினார்.

"வாடகைக்கு விடறது ஓனர் இஷ்டம்தான். ஆனா எங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் விடுவாங்க. ஆளு எப்படின்னு பார்க்கணும் பாருங்க. மொத்தம் எத்தனை பேரு?"

"குடும்பம்தான் சார்" என்றார் கண்ணாடிக்காரர். நான்கு பேர் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ எண்ணிக்கை வாயில் வரவில்லை.

"அது போதும். போன மாசம் ஒருத்தர் வந்தாரு. நல்ல சட்டை, நல்ல பேச்சு. வீட்டம்மா வாயத் தொறந்தாங்க, படகுத்துறைன்னு தெரிஞ்சுபோச்சு. நாசூக்கா வேற எடம் பாருங்கன்னு சொல்லிட்டேன். தப்பா நினைக்காதீங்க, நல்ல ஜனங்கதான். லிஃப்ட்ல வாசம் நின்னுடும், அதான்."

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். ஆமோதிப்பது போலவும் இருந்தது, கேட்டுக்கொண்டேன் என்பது போலவும் இருந்தது. அப்படி ஆட்டுவதிலும் அவருக்குத் தேர்ச்சி உண்டு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெடுத்தது அக்காவின் வாய். உள்ளறையிலிருந்து கணீரென்று அவள் குரல் வந்தது. "கட்டில தண்ணிப் பக்கம் போட்டா நல்லா காத்து வரும்! அலமாரிய ரோட்டுப் பக்கம் தள்ளிக்கலாம்!"

செயலாளர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு சிரித்தார். "தண்ணிப் பக்கம்! துறைமுகத்துல வேலை பார்த்தவன் சார் நான், இந்தப் பேச்ச எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன். குடி வர்றதுக்கு முன்னாடியே வேலைக்கு ஆளப் பிடிச்சிட்டீங்க போல! அந்தப் பக்கத்து ஆளுங்கதான் நல்லா உழைப்பாங்க."

இரண்டே வார்த்தை போதும். 'என் அக்கா.' கண்ணாடிக்காரருக்கு அந்த இரண்டு வார்த்தையும் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை மென்று விழுங்கினார். முகத்தில் ஈயாடவில்லை. அறை வாசலில் அக்கா வந்து நின்றிருந்தாள். செயலாளர் சொன்னது முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது. அவள் செயலாளரைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறவள் அவள். பசியா, காய்ச்சலா, பொய்யா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். இப்போதும் படித்துவிட்டாள்.

முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஆமாங்கய்யா" என்றாள் செயலாளரிடம். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, "ஜன்னல் எல்லாம் தூசியா இருக்கு. தொடச்சிடட்டுங்களா சார்?" என்றாள்.

சார்.

கண்ணாடிக்காரர் "ம்" என்றார். அந்த 'ம்'முக்காக நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல அவருக்குப் பின்னால் எத்தனையோ தடவை தோன்றியது. ஆனால் அந்த நேரத்தில், உண்மையைச் சொல்லவேண்டுமானால், அவருக்கு வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்கிற நிம்மதி. அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

"வேலை செய்றவங்களுக்குப் பின்னாடி தனி லிஃப்ட் இருக்கும்மா. அதுலயே வந்துபோங்க" என்று செயலாளர் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். "சரிங்கய்யா" என்றாள் அக்கா. மனைவியும் மகளும் இறங்கி வந்தபோது அவள் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! நீங்க ஏன் இதெல்லாம் பண்றீங்க?"

"சும்மாதானம்மா நிக்கறேன். கை சும்மா இருக்கமாட்டேங்குது."

கிளம்பும்போது அக்காவைக் காணவில்லை. தேடினால், கீழே கேட்டருகில் நின்றிருந்தாள். "அந்தப் பக்கத்து லிஃப்ட் காலியா இருந்துச்சு" என்றாள். கண்ணாடிக்காரர் வண்டிச்சாவியைத் தேடுவது போல எல்லாப் பைகளையும் தடவிக்கொண்டிருந்தார். சாவி கையில்தான் இருந்தது.

வீடு கிடைத்தது. அக்கா கிடைக்கவில்லை. "எனக்கு உசரம் ஒத்துக்கலம்மா, தலை சுத்துது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டாள். கொட்டகையில் கூட வேலை பார்த்த ஒருத்தி இடிபடாத வரிசையில் இருக்கிறாளாம், அவள் அறையில் தங்கிக்கொள்கிறாளாம். மனைவி கெஞ்சினாள், கோபித்தாள், கடைசியில் புருஷனிடம் திரும்பினாள்.

"நீங்க ஏதாவது சொன்னீங்களா அவங்கள?"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். பொய் என்று ஒரு சொல்கூட இல்லை அதில். ஒன்றும் சொல்லாததுதானே விஷயம்.

குடிபோனார்கள். அண்ணி மனம் மாறி வருவாள் என்று மனைவி உள்ளறையில் ஒரு கட்டிலைப் போட்டு, ஜன்னலை ஒட்டி நகர்த்தி, மெத்தைவிரிப்பும் விரித்துவைத்தாள். கண்ணாடிக்காரர் அந்த அறைக்குள் போவதில்லை. சாயங்காலமானால் மனைவியும் மகளும் பால்கனியில் நின்று எதிர்க்கரை விளக்குகளைப் பார்ப்பார்கள். "அத்தை வீடு எதுப்பா?" என்று மகள் கேட்பாள். "தெரியலம்மா" என்று உள்ளே இருந்தே சொல்வார். கடல் தெரிகிற வீட்டை ஆசையாகப் பிடித்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

செயலாளர் ஒரு நாள் கடைக்கு வந்தார். கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிகிறதாம், பவரும் மாறியிருக்கும் போலிருக்கிறதாம். கண்ணாடிக்காரர் அவரை உட்காரவைத்து, பழைய கண்ணாடியைக் கழற்றி வாங்கி, சோதனை ஃபிரேமை மாட்டினார். இன்னும் வில்லை போடவில்லை. செயலாளருக்கு எதிரில் நிற்பவர் முகம் வெறும் மங்கல்.

"உங்க வீட்டுக்கு அன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்களே. நீங்க போனப்புறம் பார்த்தேன், ஜன்னல என்னமா தொடச்சிருந்தாங்க! அதுக்கப்புறம் ஆளக் காணோம். நின்னுட்டாங்களா? எங்க வீட்ல வேலைக்கு ஆள் இல்லாம தவிச்சுட்டிருக்கோம். கேட்டுச் சொல்லுங்களேன்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவனுக்கு வாய்க்குமா? கடையில் வேறு யாரும் இல்லை. வீட்டில் குடியேறியாகிவிட்டது, யாரும் சாமானைத் தூக்கி வெளியே எறியப் போவதில்லை. கேட்பவரால் தன் முகத்தைப் பார்க்கக்கூட முடியாது. கண்ணாடிக்காரர் வில்லையைத் துணியால் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"கேட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

அன்று கடையைச் சீக்கிரமே சாத்தினார். கால் தன்பாட்டில் பாலத்தைத் தாண்டிப் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று. அக்கா புது இருப்பிடத்தில், வாசலை ஒட்டிப் பாயில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அறையில் இரண்டு பாய், ஒரு மின்விசிறி, சுவரோரம் அவளுடைய தகரப்பெட்டி. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒரே மூச்சில் கொட்டினார்.

"அந்த ஆளு கேக்கறாருக்கா. உன்ன அவங்க வீட்டு வேலைக்கு அனுப்பச் சொல்லி. என்கிட்டயே கேக்கறாரு. நானும் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்து நிக்கறேன். என்னைச் செருப்பால அடிக்கா."

அக்கா முதலில் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். "ஒரே ஒரு ஜன்னல்தானேடா தொடச்சேன்! அதுக்கே இவ்ளோ கிராக்கியா?"

"சிரிக்காதக்கா."

அவள் சிரிப்பை நிறுத்தி, ஒரு சட்டையை உதறி மடித்தாள். "எந்த மாடி அவர் வீடு?"

"எங்க மாடிதான். எதிர் வீடு."

"அப்போ வரேன்னு சொல்லிடு."

"அக்கா!"

"எதிர் வீடுன்னா கதவு தொறக்கறப்ப உன்ன தினம் ஒரு தடவ பார்த்துக்கலாம்ல."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொன்னாள். கண்ணாடிக்காரர் உடம்பு கூனிக் குறுகி, தரையைப் பார்த்தபடியே இருந்தார்.

அந்த நேரம் குடத்தோடு போன பக்கத்து அறைப் பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். வரிசைக்குப் புதிதாக வந்தவள். "யாரக்கா வந்திருக்கறது?"

 அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கண்ணாலேயே அவரைக் கேட்டாள். தன் சொந்த வாசலில், தன் பாயில் உட்கார்ந்துகொண்டு, அனுமதி கேட்டாள்.

"தம்பி!" என்றார் கண்ணாடிக்காரர். கத்திவிட்டார். "இவங்க தம்பி! கூடப் பொறந்த தம்பி!"

அந்தப் பெண் பயந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "சரிங்க, தம்பியாவே இருங்களேன்! அதுக்கு ஏன் இப்படிக் கத்தறீங்க? நான் என்ன இல்லன்னா சொன்னேன்?"

அவள் போய்விட்டாள். அக்கா மடித்த துணிகளை அடுக்கினாள். கண்ணாடிக்காரருக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு அவர்கிட்டயும் சொல்றேன்க்கா" என்றார். "இதே மாதிரி சொல்றேன்."

"சரிடா" என்றாள் அக்கா. "முடிஞ்சா சொல்லு."